ஜிம்னிக்கு ஸ்கிட் பிளேட்: எதைக் காக்கும், எதைக் காக்காது?

வெள்ளைக்குதிரை
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 3 கதவு சுசுகி ஜிம்னி, 2018-இல் வந்த புது வடிவம். வண்டியில் இதுவரை எதையும் மாற்றவில்லை, கம்பெனி டயர், கம்பெனி ஸ்பிரிங். போன வாரம் வறண்ட ஓடை ஒன்றைத் தாண்டி மேலே ஏறும்போது அடியில் பலமாக ஒரு சத்தம். படுத்துப் பார்த்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கீறல். எண்ணெய் கசியவில்லை, ஆனால் அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. அடிப்பக்கத்தைக் கல்லிலிருந்து காக்கும் ஸ்கிட் பிளேட்டை முன்பக்கம், நடு, பெட்ரோல் டேங்க் என்று மூன்று தகடு சேர்த்து ஒரு செட்டாக வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். 4 மி.மீ. இரும்பா, 6 மி.மீ. அலுமினியமா என்பதுதான் முதல் குழப்பம். இரண்டாவது, சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) துளை போடாமல் நானே வீட்டில் மாட்ட முடியுமா? மாட்டியவர்கள் சொல்லுங்கள்.

பாறைவழி
தம்பி, எந்த உலோகம் என்பதை அப்புறம் பார்க்கலாம். வண்டி எங்கே இடிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவிவிட்டு, தாழ்வாகத் தொங்குகிற இடத்திலெல்லாம் மலிவான ஸ்ப்ரே பெயின்ட் லேசாக அடித்துவிடுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் இரண்டு மூன்று முறை போய்விட்டு வந்து படுத்துப் பாருங்கள், பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறதோ அங்கேதான் உங்களுக்குத் தகடு வேண்டும். மற்ற இடத்தில் மாட்டுவதெல்லாம் சும்மா சுமக்கிற எடை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், செட் வாங்குகிற பலருக்கும் இது தெரிவதில்லை. ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு. சேஸிஸில் மாட்டும் எந்தத் தகடும் டிஃபரென்ஷியலை (ஆக்ஸிலில் இருந்து சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி, சுருக்கமாக டிஃப்) காக்காது, ஏனென்றால் டிஃப் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, தகடோ உடம்போடு நிற்கிறது. வண்டியிலேயே தாழ்வான இடமும் அந்த டிஃப் உருண்டைதான். 210 மி.மீ. கிளியரன்ஸ் (தரையிலிருந்து உயரம்) என்று போட்டிருக்கிறார்களே, அதைக் கூட்ட ஒரே வழி பெரிய டயர். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடம்பு உயரும், டிஃப் இருந்த இடத்திலேயே இருக்கும். டயரிலும் எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும்: கம்பெனி டயர் 195/80 ஆர்15, அதன் விட்டம் ஏறக்குறைய 693 மி.மீ. 215/75 போட்டால் 703 தான் வரும், அதாவது ஆக்ஸில் 5 மி.மீ. உயரும். 235/75 போட்டால் 20 மி.மீ. கிடைக்கும், ஆனால் அதற்கு உயரமான ஸ்பிரிங், பம்பர் ஓரத்தை வெட்டுவது என்று வேலை நீண்டுகொண்டே போகும்.

ஆகவே தகடு காப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னால் ஓடும் ஸ்டீயரிங் கம்பிகள், ஸ்டீயரிங் டாம்பர், டேங்க், இவ்வளவுதான். டிஃபைக் காப்பது நீங்கள் சக்கரத்தை எந்தக் கல் மேல் வைக்கிறீர்கள் என்பது.

நாலுசக்கரம்
பாறைவழி அண்ணா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். உலோகக் கேள்விக்கு நான் கணக்கோடு பதில் சொல்கிறேன், ஏனென்றால் "இரும்புதான் உறுதி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

60-க்கு 70 செ.மீ. அளவில் ஒரு தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மி.மீ. இரும்பில் அது 13 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதே அளவு 6 மி.மீ. அலுமினியத்தில் 7 கிலோகூட வராது. சரி, வளையாமல் நிற்பதில் எது மேல்? தகடு வளையாமல் நிற்பது தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இரும்புக்கு 4×4×4 = 64, அலுமினியத்துக்கு 6×6×6 = 216. இரும்பின் இயல்பான விறைப்பு அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு (200-க்கு 70). பெருக்கிப் பார்த்தால் 12,800-க்கு 15,120. அதாவது பாதி எடையில் இருக்கிற அலுமினியத் தகடுதான் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு. இதே கணக்கில் 3 மி.மீ. இரும்பைப் பாருங்கள், 4 மி.மீ. தகட்டின் பாதி விறைப்புகூட அதற்கு இல்லை. 1 மி.மீ. தானே என்று நினைத்து மெல்லியதை வாங்க வேண்டாம்.

ஜிம்னி 1,100 கிலோவை ஒட்டிய சின்ன வண்டி. மூன்று தகடும் இரும்பில் போட்டால் 35, 40 கிலோ சர்வசாதாரணமாக ஏறிவிடும், அதில் முன்பக்கம் விழுவதை ஸ்பிரிங் உடனே காட்டும். நான் அலுமினியம் பக்கம்.

ஆற்றுமணல்
கணக்கு சரி. ஆனால் பாறை மேல் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. நான் இரண்டும் மாட்டிப் பார்த்துவிட்டேன். இரும்பு பாறை மேல் வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியம் மென்மையானது, கூர்மையான கல் அதில் பள்ளம் பறித்துப் பிடித்துக்கொள்ளும், வண்டி அங்கேயே நிற்கும். பல முறை கீறல் வாங்கிய அலுமினியத் தகட்டில் அந்தப் பள்ளங்களே அடுத்த தடவை கல்லுக்குப் பிடிமானம் ஆகிவிடும். அடிபட்டு வளைந்த இரும்பைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தலாம், கிழிந்தால் எந்த வெல்டரும் ஒட்டித் தருவார். அலுமினிய வெல்டிங் எல்லாரிடமும் இருக்காது.

மண், மணல், எப்போதாவது ஒரு கல் என்றால் அலுமினியம். வாராவாரம் பாறை மேல் தேய்த்துக்கொண்டு போகிறவர் என்றால் இரும்பு. கடல் ஓரம், உப்பு என்றால் மறுபடி அலுமினியம், ஆனால் போல்ட் விஷயத்தில் கவனம். அலுமினியத் தகடும் இரும்புச் சேஸிஸும் ஒன்றையொன்று நேரடியாகத் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். இடையில் நைலான் வாஷர் வைக்க வேண்டும், இல்லையென்றால் பெயின்ட்டாவது கெட்டியாக இருக்க வேண்டும்.

வெள்ளைக்குதிரை
பாறைவழி அண்ணா சொன்னபடி பெயின்ட் அடித்து மூன்று முறை போய்விட்டு வந்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸில் நன்றாக உரிந்திருக்கிறது. முன்னால் ஸ்டீயரிங் கம்பியில் கொஞ்சம், அது கல் அல்ல, புதர்க் கட்டை என்று நினைக்கிறேன். டேங்க் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. நான் போவது பெரும்பாலும் மண் பாதையும் ஓடையும்தான், அதனால் நடுத் தகடும் முன் தகடும் மட்டும், 6 மி.மீ. அலுமினியம். டேங்க் தகட்டை விட்டுவிட்டேன். இனி மாட்டுவதைச் சொல்லித் தாருங்கள்.

திருகாணி
மாட்டுவது பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். தகட்டின் தடிமனை விட அது எங்கே உட்காருகிறது என்பதுதான் முக்கியம் என்பது என் அனுபவம். கல்லில் இடிக்கும்போது அந்த அடி சேஸிஸ் சட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வாங்கும் முன் தகட்டின் படத்தை வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டும் எதில் ஏறுகிறது என்று பாருங்கள். கியர் பாக்ஸிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ நேரடியாக மாட்டும் தகடாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அவையெல்லாம் வார்ப்பு அலுமினியம், பலமாக ஒரு அடி விழுந்தால் போல்ட் துளையோடு சேர்ந்து விரிசல் விடும். ஜிம்னியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸிலிருந்து பிரிந்து தனியாக, ரப்பர் மவுன்ட்டில் தொங்குகிறது. இன்ஜின் இழுக்கும்போது அது அசையும். தகடு அதைத் தொடக்கூடாது, தொட்டால் இரைச்சல் முழுக்க வண்டிக்குள் வரும்.

இடைவெளி: தகட்டுக்கும் அது காக்கிற பாகத்துக்கும் நடுவே குறைந்தது 15 மி.மீ., 20 இருந்தால் நிம்மதி. எந்தத் தகடும் அடிபட்டால் கொஞ்சம் உள்ளே போய் வரும். ஒட்டினாற்போல் இருக்கிற தகடு அந்த அடியை அப்படியே உள்ளே கொடுத்துவிடும், அப்போது தகடு இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

துளை: நல்ல செட் என்றால் சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் நட்டுகளையும் துளைகளையும் பயன்படுத்திக்கொள்ளும். துளை போட்டே ஆக வேண்டும் என்று சொல்லும் செட்டை நான் வாங்க மாட்டேன். வேறு வழியே இல்லை என்றால் சட்டத்தின் பக்கவாட்டு முகத்தின் நடுவில் போடலாம், மேல், கீழ் முகங்களில் கூடாது, வளைவின் அழுத்தம் அங்கேதான் அதிகம். பெட்டி வடிவச் சட்டத்தில் குறுக்கே போல்ட் விட்டால் உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைக்காமல் முறுக்கக் கூடாது, சட்டம் உள்ளே அமுங்கிவிடும். வெட்டின ஓரத்துக்கு ஜிங்க் பிரைமர்.

இனி வேலை நாள். மாட்டுவதற்கு வண்டியைத் தூக்க வேண்டியதில்லை, ஜிம்னிக்கு அடியில் நுழைய இடம் இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எக்ஸாஸ்ட் நன்றாக ஆறின பிறகு போங்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் உள்ளே போகாதீர்கள். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் படுக்கவே கூடாது.

முந்தின நாளே எல்லாத் துளையிலும் துரு நீக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். மறுநாள் டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். புது வண்டியிலும் மரைக்குள் பெயின்ட்டும் மண்ணும் இருக்கும். போல்ட்டைக் கையால் ஐந்தாறு சுற்று திருப்ப முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லை என்றால் ஸ்பேனர் போடாதீர்கள்.

தகட்டை ஒருவர் பிடிக்க ஒருவர் மாட்டுவது நல்லது. தனியாக என்றால் டிராலி ஜாக் மேல் ஒரு பலகை வைத்துத் தகட்டை ஏற்றிப் பிடிக்கலாம். எல்லாப் போல்ட்டையும் கையால் பாதி ஏற்றுங்கள். ஒன்றை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை பொருந்தவே பொருந்தாது. எல்லாம் ஏறின பிறகு தகட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். 8.8 தரப் போல்ட் என்றால் எம்8-க்கு (8 மி.மீ. விட்டம்) 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 45 முதல் 50 பொதுவான அளவு. செட்டோடு வந்த தாளில் வேறு அளவு போட்டிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய நீல நிற திரெட் லாக் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். 100 கி.மீ. ஓட்டின பிறகு ஒரு முறை, முதல் கரடுமுரடுப் பயணத்துக்குப் பிறகு ஒரு முறை இறுக்கம் பார்க்க வேண்டும், இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஆற்றுமணல்
அருமையாக எழுதியிருக்கிறீர்கள். என் பங்குக்கு ஒன்றே ஒன்று. தகட்டுக்கு மேலே என்ன சேர்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. இடுப்பளவு காய்ந்த புல்லில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு நிறுத்தினேன், ஐந்து நிமிடத்தில் கருகல் வாசனை. முதலில் கிளட்ச் என்று நினைத்தேன். அடியில் எட்டிப் பார்த்தால் தகட்டின் மேல் ஒரு கூடைப் புல், எக்ஸாஸ்டை ஒட்டின பக்கம் புகைகிறது. கேன் தண்ணீர் முழுவதையும் ஊற்றி, குச்சியால் இழுத்து இழுத்து எடுத்தேன். இன்னும் பத்து நிமிடம் தள்ளியிருந்தேன் என்றால் வண்டியே போயிருக்கும், அந்தப் புல்வெளியும் போயிருக்கும். எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரிக்குச் சூடாகும் பொருள். புல்லில் போனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நிறுத்திப் பாருங்கள், கை நுழைகிற அளவுக்குத் துளை உள்ள தகடாக வாங்குங்கள், எக்ஸாஸ்டுக்கு நேர் கீழே முழுசாக மூடுகிற தகடு வேண்டாம்.

சேறும் இதே கதைதான், ஆனால் மெதுவாக நடக்கும். உள்ளே தங்கின சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துச் சட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது தகட்டைக் கழற்றிக் கழுவுகிறேன்.

சின்னக்கோடை
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது 5 கதவு. எனக்கும் இதே தகடுகள் பொருந்துமா? எது முதலில்?

பாறைவழி
முன் தகடு பெரும்பாலும் பொருந்தும், நடுத் தகட்டை 5 கதவுக்கு என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். முதலில் வேண்டியது நடுத் தகடுதான், யோசிக்கவே வேண்டாம். 3 கதவின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2,250 மி.மீ., உங்களுடையது 2,590. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே மேடு உரசாமல் தாண்டுகிற கோணம் 28 டிகிரியிலிருந்து 24-க்கு இறங்கிவிடுகிறது. 3 கதவு தப்பிக்கிற மேட்டில் உங்கள் வண்டி வயிற்றை வைக்கும்.

வெள்ளைக்குதிரை
மாட்டிவிட்டேன்! நானும் என் தங்கையும் சேர்ந்து, காலையில் ஆரம்பித்து மதியம் முடிந்தது. திருகாணி அண்ணா சொன்னதை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். முன் தகடு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நடுத் தகட்டில் வலது பின் துளை மட்டும் படுத்தியது, இரண்டு சுற்றுக்கு மேல் கையால் ஏறவில்லை. ஸ்பேனரை எடுத்துவிட்டேன், அப்புறம் நீங்கள் எழுதினது நினைவுக்கு வந்து வைத்துவிட்டேன். டேப் விட்டபோது கெட்டியான பெயின்ட்டும் மணலும் உதிர்ந்தன, பிறகு போல்ட் வெண்ணெய் மாதிரி ஏறியது.

இப்போது ஒரு சிக்கல். 1,800 ஆர்.பி.எம். பக்கம் வரும்போது மட்டும் அடியில் "ர்ர்ர்" என்று அதிர்வு. அதற்கு மேலேயும் கீழேயும் இல்லை. போல்ட் எல்லாம் சரியான இறுக்கத்தில் இருக்கின்றன, டார்க் ரெஞ்ச் வைத்து இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

திருகாணி
ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.-இல் மட்டும் வந்தால் ஏதோ ஒன்று தகட்டை லேசாகத் தொடுகிறது. ஒரு தாளை மடித்துத் தகட்டுக்கும் மேலே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள், தாள் எங்கே மாட்டிக்கொள்கிறதோ அங்கேதான். என் சந்தேகம் எக்ஸாஸ்ட் தொங்கும் பிராக்கெட். சூடாகும்போது குழாய் நீளும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறின வண்டியில் 2 மி.மீ. இடைவெளி தெரிந்தால் அது போதாது.

வெள்ளைக்குதிரை
பிராக்கெட்தான் அண்ணா, தாள் அங்கேதான் நின்றது. இடது பக்க இரண்டு போல்ட்டுக்கும் தகட்டுக்கு மேலே 5 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி தரும் வளையம்) கொடுத்தேன், அதற்கேற்ப நீளமான போல்ட்டும் மாற்றினேன், இப்போது சத்தம் இல்லை.

நாலுசக்கரம்
நல்லது. நீளப் போல்ட் மாற்றியதைக் கவனித்துச் செய்திருக்கிறீர்கள். ஸ்பேசர் வைத்துவிட்டுப் பழைய போல்ட்டையே போட்டு, மூன்று மரையில் தொங்கவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. எம்8 என்றால் நட்டுக்குள் குறைந்தது 8 மி.மீ. ஏறியிருக்க வேண்டும்.

வெள்ளைக்குதிரை
ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். அதே ஓடை, அதே ஏற்றம். இந்த முறையும் உட்கார்ந்தது, ஆனால் சத்தம் வேறு மாதிரி, கனமாக, மந்தமாக. வந்து கழற்றிப் பார்த்தேன். நடுத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழிவு, ஆழம் 6 மி.மீ. இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் 18 விட்டிருந்தேன், 12 மீதம். பழைய கீறலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. தகட்டை விட்டுக் கீழே துருத்திக்கொண்டிருந்த இரண்டு போல்ட் தலைகள் மட்டும் பாதி தேய்ந்துவிட்டன, சாக்கெட் பிடிக்காமல் வைஸ் பிளையரால் கழற்ற வேண்டியதாகிவிட்டது. இதற்கு என்ன செய்வது?

ஆற்றுமணல்
தகட்டில் அந்தத் துளைகளைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி உள்ளே அமுக்கி, போல்ட் தலை தகட்டு மட்டத்துக்கு மேலே போகிற மாதிரி செய்வார்கள். உங்கள் தகட்டில் அது இல்லை என்றால் துளையைச் சுற்றி இரும்பில் ஒரு தடித்த வளையம், போல்ட் தலையை விட 2 மி.மீ. உயரமாக, திருகி மாட்டுங்கள். கல் முதலில் வளையத்தைத் தேய்க்கும். வளையத்தின் முன்னோரத்தையும் பின்னோரத்தையும் சரிவாக ராவிவிடுங்கள், பின்னால் எடுக்கும்போது கல்லில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளக் கூடாது. தகட்டின் பின் விளிம்பும் மேல் நோக்கி மடிந்திருக்கிறதா என்று அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள், மடியாத விளிம்பு ரிவர்ஸில் மண்வெட்டி போல மண்ணை அள்ளும்.

வெள்ளைக்குதிரை
மடிந்திருக்கிறது, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். வளையத்துக்கு அளவு எடுத்துவிட்டேன், சனிக்கிழமை கடைசல் பட்டறைக்குப் போகிறேன். மாட்டினதும் படம் போடுகிறேன்.